ருசிப்பவர் பெயரும் சுற்றியவள் கையும்

சுருட்டு ருசிப்பதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கறுத்த இலை சுற்றிய, ஒன்றே 15 டாலர், 20 டாலர் என்று விலைபோகும் சுருட்டு என்றால் அந்த முறை இன்னும் கறாராகிவிடும். முதலில் கண். மேலே சுற்றிய இலையில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, நரம்புகள் புடைத்திருக்கின்றனவா, நிறம் சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து விரல். மெல்ல அழுத்தினால் பள்ளமோ கட்டியோ தட்டுப்படக் கூடாது. தலைப்பக்கத்தை வெட்டி, பற்றவைக்காமலேயே ஒருமுறை இழுத்து வெறும் இலையின் ருசியை அறிய வேண்டும். நுனியைத் தீயில் தொடாமல் சுற்றிச்சுற்றி வாட்டி, நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்ற கணக்கில் புகைக்க வேண்டும். புகையை நெஞ்சுக்குள் விடக் கூடாது. வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக வெளியேற்ற வேண்டும். சுருட்டை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் என்ன ருசி வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதல் பங்கில் மிளகு. இரண்டாவதில் கறுப்புச் சாக்லெட், வறுத்த காபிக்கொட்டை. மூன்றாவதில் பதப்படுத்திய தோல், ஈரமண், கருப்பட்டிப் பாகுபோல ஒரு இனிப்பு. கடைசியில் நூற்றுக்கு 92 என்றோ 94 என்றோ மதிப்பெண்.

இதைச் செய்பவருக்கு ரசிகர் என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'அஃபிசியோனாடோ'. 1992இல் நியூயார்க்கில் 'சிகார் அஃபிசியனாடோ' என்று ஒரு பளபளப்பான பத்திரிகையே தொடங்கப்பட்டது. நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும் வழக்கத்தைச் சுருட்டு உலகில் பரவலாக்கியதும் அதுதான்.

இந்த ருசிப் பட்டியலில் சாக்லெட் உண்டு, மிளகு உண்டு, மண் உண்டு, மாட்டுத்தோல்கூட உண்டு. மனிதக் கை மட்டும் இல்லை. கறுத்த சுருட்டின் ருசி என்று எதைக் கொண்டாடுகிறார்களோ, அதில் பெரும்பங்கு பெண்களின் அறிவால் உண்டானது. அந்த அறிவுக்குக் கூலி என்று பெயர் வைத்தார்கள். அதே அறிவை ஓர் ஆண் சாய்வு நாற்காலியில் அமர்ந்து செயல்படுத்தினால் ரசனை என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயரிடல் ஒரு திருட்டு என்பதே என் வாதம்.

இலை எப்படிக் கறுக்கிறது

சுருட்டு மூன்று அடுக்கு கொண்டது. உள்ளே நிரப்பும் இலைகள், அவற்றைச் சேர்த்துக் கட்டும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே தோல்போலச் சுற்றும் மேலிலை. கண்ணுக்குத் தெரிவது மேலிலை மட்டும். கறுத்த மேலிலைக்கு ஸ்பானிய மொழியில் 'மதுரோ' என்று பெயர். பழுத்தது, முதிர்ந்தது என்று பொருள். அதைவிடக் கருமையானது 'ஒஸ்குரோ'. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நேர்வெயிலில் வளரும் அகன்ற இலையும், மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் சான் ஆந்த்ரேஸ் வட்டாரத்து இலையும் இதற்குப் பேர்போனவை. இரண்டும் தடித்த, எண்ணெய்ப்பசை மிகுந்த இலைகள். நீண்ட சூட்டைத் தாங்குபவை.

இந்தக் கருமை செடியில் வருவதில்லை. உலர்ந்த இலைகளை ஆயிரக்கணக்கான கிலோ எடையுள்ள அம்பாரங்களாக அடுக்குகிறார்கள். ஈரமும் எடையும் சேர்ந்து உள்ளே சூடு ஏறுகிறது. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அளவு மீறினால் இலை வெந்து கெட்டுவிடும். ஆகவே அம்பாரத்தைக் கலைத்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்க வேண்டும். இப்படி மாதக்கணக்கில், சில இலைகளுக்கு ஆண்டுக்கணக்கில். இலையிலுள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் மெல்ல மாறுகின்றன, நிறம் ஏறுகிறது, அமோனியா ஆவியாக வெளியேறுகிறது. விமர்சகர் எழுதும் சாக்லெட் மணம் பிறப்பது இந்த அறையில். அமோனியா நெடி கண்ணை எரிப்பதும் இதே அறையில்தான்.

பிறகு இலை பெண்களிடம் வருகிறது. நிக்கராகுவாவின் எஸ்தெலி, டொமினிகன் குடியரசின் சாந்தியாகோ, கியூபாவின் ஹவானா என்று எந்தச் சுருட்டு நகரத்தை எடுத்தாலும், இலையின் நடுநரம்பைக் கிழித்தெடுக்கும் கூடத்தில் வரிசை வரிசையாக இருப்பவர்கள் பெண்கள். இலைகளைத் தரம்பிரிக்கும் மேசைகளிலும் பெண்களே அதிகம். நிக்கராகுவாவின் சுற்றும் கூடங்கள் பலவற்றில் இருவர் இருவராக வேலை செய்கிறார்கள். உள்ளிலைகளைச் சேர்த்துக் கட்டுபவர் பெரும்பாலும் ஆண். மேலிலையை இழுத்துச் சுற்றி, தலைப்பக்கம் தொப்பிபோல ஒட்டி முடிப்பவர் பெரும்பாலும் பெண். ரசிகர் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அந்தக் கறுத்த மேனியைக் கடைசியாகத் தொட்டது அவள் கை.

அந்தக் கைக்கு நேர்வதையும் சொல்ல வேண்டும். ஈரமான பச்சைப் புகையிலையைக் கையாள்பவர்களுக்கு நிக்கோட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் இறங்குகிறது. தலைசுற்றல், வாந்தி, பலவீனம் எல்லாம் சேர்ந்த அந்த நோய்க்கு மருத்துவத்தில் பச்சைப் புகையிலை நோய் என்றே பெயர் உண்டு. தொழிற்சாலைக்குள் புகையிலைத் தூசியும் நெடியும். ஒரு சுருட்டைக்கூடப் பற்றவைக்காத பெண்ணின் உடலுக்குள் புகையிலை நாள்தோறும் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று யாரும் போட்டதில்லை.

தரம்பிரிப்பவள் ஏன் ரசிகை ஆவதில்லை?

தரம்பிரிக்கும் பெண் என்ன செய்கிறாள் என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். ஓர் இலையை எடுக்கிறாள். நிறம், அளவு, தடிமன், எண்ணெய்ப்பசை, நரம்பின் பருமன், ஓட்டை, கறை, கிழிசல், இழுவை என்று எல்லாவற்றையும் சில நொடிகளுக்குள் பார்த்தும் தொட்டும் முடிவு செய்கிறாள். இந்த இலை மேலே சுற்றத் தகும், இது கட்டுவதற்குத்தான் ஆகும், இதை மறுபடி அம்பாரத்துக்கு அனுப்ப வேண்டும். கறுப்பில் இத்தனை கறுப்பா என்று நமக்குத் தோன்றும் அளவுக்கு நுட்பமான வேறுபாடுகளை அவள் கண் பிரிக்கிறது. சுற்றி முடித்த சுருட்டுகளையும் நிறம் பார்த்துத்தான் அடுக்குகிறார்கள். நல்ல பெட்டியொன்றைத் திறந்தால் இடப்பக்கம் கருமையானதில் தொடங்கி வலப்பக்கம் வெளிறியதில் முடியும். அந்த வரிசையை ஒரு கருவி போடுவதில்லை. பழகிய கண் போடுகிறது.

ரசிகர் செய்வதும் இதுதானே? நிறம் பார்க்கிறார், நரம்பு பார்க்கிறார், விரலால் அழுத்துகிறார், தரம் சொல்கிறார். அவர் ஒரு மாலைக்கு ஒரு சுருட்டைப் பார்க்கிறார். அவள் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான இலைகளைப் பார்க்கிறாள். அவர் தவறினால் ஒரு மதிப்பெண் கூடும் அல்லது குறையும். அவள் தவறினால் கூலி குறையும். அறிவின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் யார் வல்லுநர் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எழுதுவதற்கு விமர்சனம் என்று பெயர். அவள் செய்வதற்குக் கைப்பழக்கம் என்று பெயர்.

பெண்களுக்கு இயல்பிலேயே விரல் நளினம் உண்டு, பொறுமை உண்டு என்று முதலாளிகள் சொல்வது புகழ்ச்சி இல்லை. 1981இல் டயேன் எல்சனும் ரூத் பியர்சனும் உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற பெண்ணியக் கட்டுரை இதைத்தான் உடைத்துக் காட்டியது. பெண்ணின் விரல் திறன் சிறுவயதிலிருந்து வீட்டுக்குள் தாயிடமும் பிற பெண்களிடமும் பயின்று வந்த பயிற்சி. பயிற்சி என்று ஒப்புக்கொண்டால் திறனுக்குரிய சம்பளம் தர வேண்டும். இயற்கை என்று சொல்லிவிட்டால் ஒன்றும் தர வேண்டியதில்லை. சுருட்டுத் தொழில் இந்தத் தந்திரத்தை நூறாண்டுகளுக்கு முன்பே கற்றுவைத்திருந்தது. கியூபாவில் சுற்றுவது நெடுங்காலம் ஆண்களின் கைவினையாக, அதிகச் சம்பளத்துக்கும் மரியாதைக்கும் உரியதாக இருந்தது. நரம்பெடுப்பதும் தரம்பிரிப்பதும் பெண்களுக்கு விடப்பட்டன, குறைந்த கூலி. 1960களில் ஹவானாவின் எல் லகீட்டோ மாளிகையில் பெண்களைச் சுற்றுவதற்குப் பயிற்றுவித்த பிறகுதான் அந்தக் கதவு அகலத் திறந்தது. இன்று உலகம் போற்றும் கோஹிபா சுருட்டு அந்த மாளிகையில் பெண்கள் சுற்றியதுதான். கற்றுக்கொடுத்ததும் வந்துவிட்ட அந்தத் திறன் அதுவரை ஆண்மையின் பாரம்பரியமாக இருந்தது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விளம்பரத்தில் மறைந்திருக்கும் கை, நீதிமன்றத்தில் திடீரென்று தோன்றும். அமெரிக்காவில் 2016இல் சுருட்டுகளையும் புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் கொண்டுவந்தார்கள். உயர்விலைச் சுருட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2023இல் கூட்டாட்சி நீதிமன்றம் அத்தகைய சுருட்டுகளுக்கு அந்த விதிகள் செல்லாது என்றது. உயர்விலைச் சுருட்டு என்றால் என்ன என்று சொல்லும் வரையறையில் ஒரு நிபந்தனை: கையால் செய்ததாக இருக்க வேண்டும். விதியிலிருந்து தப்பிக்கும்போது கை ஒரு சான்றிதழ். சம்பளம் கேட்கும்போது அதே கை வெறும் விரல் நளினம்.

தொடையில் உருட்டிய கதை

கையை மறைத்தவர்கள் உடலை மறைக்கவில்லை. கியூபச் சுருட்டுகள் கன்னிப்பெண்களின் தொடைகளில் உருட்டப்படுபவை என்ற கதையைச் சுருட்டுக்கடைகளில் இன்றும் கண்சிமிட்டிக்கொண்டு சொல்வார்கள். சுருட்டைத் தொடையில் உருட்ட முடியாது. அதற்குச் சமதளமான பலகை வேண்டும், பிறைவடிவக் கத்தி வேண்டும், ஒட்டுவதற்குத் தாவரப் பசை வேண்டும். பெண்கள் இலைகளை மடியில் வைத்து விரித்து நரம்பெடுத்ததையும் தரம்பிரித்ததையும் பார்த்த யாரோ கட்டிய கதை அது. ஒரு பெண் மடியில் வைத்து வேலை செய்தாள். பார்த்தவன் வேலையை விட்டுவிட்டு மடியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

செவில் நகரத்துக் கார்மென் இதன் பெரிய வடிவம். ஸ்பெயினின் செவில் நகரில் இருந்த அரச புகையிலைத் தொழிற்சாலையில் 19ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். கைக்குழந்தைகளோடு வந்தார்கள். 1915இல் கொன்சாலோ பில்பாவோ வரைந்த ஓவியத்தில், அந்தக் கூடத்தின் நடுவே ஒரு தொழிலாளி தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் கலகம் செய்தார்கள், இயந்திரங்கள் தங்கள் வேலையைப் பறிக்க வருவதை எதிர்த்தார்கள். ஆனால் உலகத்துக்குத் தெரிந்த செவில் சுருட்டுத் தொழிலாளி அவர்களில் யாரும் இல்லை. 1845இல் மெரிமே எழுதிய குறுநாவலிலும் 1875இல் பிஸே அமைத்த இசைநாடகத்திலும் வரும் கார்மென்தான். ஆண்களை மயக்குபவள், கடைசியில் ஓர் ஆணின் கத்தியால் சாகிறவள். அவளுடைய வேலைநேரம் என்ன, கூலி என்ன என்று அந்த இசைநாடகம் கேட்பதில்லை. அந்தத் தொழிற்சாலைக் கட்டடம் இன்று செவில் பல்கலைக்கழகம்.

கறுப்பு நிறத்துக்கு வருவோம். மதுரோ இலையைப் பற்றிய வர்ணனைகளைப் படித்துப் பாருங்கள்: செழுமை, ஆழம், மர்மம், வலிமை, கிறக்கம். 19ஆம் நூற்றாண்டில் ஹவானாவின் சிகரெட் உறைகளில் வண்ண லித்தோ படங்கள் அச்சிட்டார்கள். அவற்றில் தொடர்கதையாக வந்த ஒன்று, கலப்பினப் பெண்ணின் வாழ்வும் சாவும். அவள் பிறப்பு, அவள் கவர்ச்சி, வெள்ளை ஆண்களை அவள் மயக்குவது, நோயில் அழிவது, எல்லாம் கேலியாக. அப்போது கியூபாவில் அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது, 1886இல்தான் ஒழிந்தது. புகையிலையைப் பொதிந்து விற்க அவள் உருவம் தேவைப்பட்டது. அவளுக்கு ஒரு நல்ல முடிவு தேவைப்படவில்லை. சருமத்தில் கறுப்பை இழிவென்றும் சரக்கில் கறுப்பைச் செழுமை என்றும் ஒரே வாய் சொல்ல முடியும். சிவப்பான மணமகள் தேவை என்று விளம்பரம் கொடுக்கும் ஊரில் வாழும் நமக்கு அந்த வாய் புதிதில்லை.

ஐயா புகையிலை, ஃபிராய்டின் புகை

சுருட்டை ஆண் என்று எழுதியே வைத்தார்கள். கியூபாவின் மாபெரும் மானுடவியலாளர் ஃபெர்னாந்தோ ஓர்த்திஸ் 1940இல் புகையிலையையும் சர்க்கரையையும் எதிரெதிரே நிறுத்தி எழுதிய நூல் தமிழ்வரை பேசப்பட வேண்டிய நூல்தான். அதில் புகையிலை 'தோன்', அதாவது ஐயா. சர்க்கரை 'தோன்யா', அதாவது அம்மணி. காலனியப் பொருளாதாரத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவருக்கும், ஐயா புகையிலையின் நரம்பை உருவிக்கொண்டிருந்த பெண்களைவிட இந்தப் பால் உருவகம் கவர்ச்சியாக இருந்தது.

ஃபிராய்டுக்கும் சுருட்டுக்கும் உள்ள உறவு வேறு கதை. சில சமயம் சுருட்டு வெறும் சுருட்டுதான் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் உலாவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. அவர் உண்மையில் எழுதியதைப் பார்க்கலாம். 1905இல் அவர் வெளியிட்ட 'டோரா' ஆய்வில் வரும் பெண்ணுக்குச் சிகிச்சையின்போது வயது 18. அப்பாவின் நண்பர் ஒருவர், அவள் சிறுமியாக இருந்தபோதே அவளைப் பிடித்து இழுத்து முத்தமிட்டிருக்கிறார். அவள் அருவருப்படைந்தாள். அந்த அருவருப்பையே நோயின் அறிகுறி என்றார் ஃபிராய்டு. தன் கனவைச் சொன்னபோது, விழித்ததும் புகைவாடை வந்தது என்றாள். அந்த நண்பரும் புகைப்பவர், அப்பாவும் புகைப்பவர், ஃபிராய்டும் புகைப்பவர். ஆகவே அவளுக்குத் தன்னிடமிருந்தும் ஒரு முத்தம் வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கும் என்று முடிவுகட்டினார். ஓர் இளம்பெண் புகை நாறுகிறது என்றால், அவள் அதை விரும்புகிறாள் என்று பொருள்! அவள் மூன்று மாதம்கூட ஆகுமுன் சிகிச்சையை முறித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வரலாற்றில் சரியாக மோப்பம் பிடித்தது அவள் மூக்குதான்.

சுருட்டு அறைகளின் அரசியல் முழுவதும் இந்தக் காட்சியில் அடங்கியிருக்கிறது. சுருட்டு எரியும் அறையில் ஆணின் புகை எல்லோருடைய காற்று ஆகிவிடுகிறது. அதை நாற்றம் என்று சொல்பவளுக்கு ரசனை தெரியாது, அல்லது மனம் சரியில்லை. ஏழு அங்குலச் சுருட்டுக்குச் சர்ச்சில் என்று பெயர். பல பெட்டிகளின் மேல் நிறுவியவரின் பெயர், தாத்தாவின் பெயர். பாட்டி பெட்டிமேல் வருவதில்லை.

நாமும் பற்றவைத்தால் விடுதலையா?

இந்த இடத்தில் ஒரு பதில் வரும்: அப்படியானால் பெண்களும் சுருட்டுப் பிடிக்கட்டும், அந்த நாற்காலியில் அமரட்டும். ஜார்ஜ் சாந்த் பிடித்தார், அமெரிக்கக் கவிஞர் ஏமி லோவல் பிடித்தார். நீங்கள் மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்?

நான் தடுக்கவில்லை. ஒரு பெண்ணின் கையில் சுருட்டைக் கண்டதும் பண்பாடு அழிந்தது என்று கூச்சலிடுபவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர்களுடைய கவலை அவள் நுரையீரல் பற்றியது அல்ல. நம் கிராமங்களில் திண்ணையில் அமர்ந்து சுருட்டுப் பிடித்த பாட்டிகளை யாரும் பண்பாட்டின் பெயரால் விரட்டவில்லை. அவர்கள் வயல்வேலை செய்து களைத்த உழைக்கும் சாதிக் கிழவிகள். அவர்கள் கற்பைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. கல்லூரிப் பெண்ணின் கையில் அதே நெருப்பு இருந்தால்தான் ஊர் பற்றி எரிகிறது. வடக்கு ஆந்திரக் கடற்கரைக் கிராமங்களில் பெண்கள் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. மேலண்ணம் வெந்து புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் ஆய்வுகளில் எழுதியிருக்கிறார்கள். பண்பாட்டுக் காவலர்கள் அந்தப் பெண்களின் வாயைத் திறந்து பார்த்ததில்லை.

ஆனால் பற்றவைப்பதே விடுதலை என்று சொல்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த வாசகத்தைப் பெண்கள் கண்டுபிடிக்கவில்லை. 1929 ஈஸ்டர் நாளில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்களைச் சிகரெட்டோடு நடக்கவைத்து, அதற்குச் சுதந்திரத் தீப்பந்தங்கள் என்று பெயர் சூட்டியவர் எட்வர்ட் பெர்னேஸ். ஃபிராய்டின் சகோதரி மகன். அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். மாமா பெண்ணின் ஆசையை அவளிடம் கேட்காமலே எழுதினார். மருமகன் அதை அவளுக்கே விற்றார். 1990களில் உயர்விலைச் சுருட்டுச் சந்தை கொழித்தபோது அதே நாடகம் மறுபடி நடந்தது. ரசிகர் பத்திரிகையின் அட்டையில் 1995இல் லிண்டா எவாஞ்செலிஸ்டா, 1996இல் டெமி மூர், கையில் சுருட்டோடு. ஒரு விளம்பர நடிகை, ஒரு திரை நட்சத்திரம். நரம்பெடுக்கும் பெண்களில் ஒருத்தியையும் அந்த அட்டைக்குத் தேடவில்லை.

உடல்நலக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புகையை உள்ளே இழுப்பதில்லை, ஆகவே ஆபத்தில்லை என்பது ரசிகர்களின் பிரியமான வாதம். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டிச் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களுக்குச் சுருட்டு காரணம் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் தனி அறிக்கையே வெளியிட்டது. ஃபிராய்டுக்கு 1923இல் தாடையில் புற்றுநோய் கண்டார்கள். 30க்கும் மேற்பட்ட அறுவைச்சிகிச்சைகளுக்கு நடுவிலும் அவர் சுருட்டை விடவில்லை. ஓர் ஆணின் நாற்காலியில் அமரும் உரிமையோடு அவருடைய தாடையையும் சேர்த்து நாம் கேட்க வேண்டியதில்லை.

லூயிசா கபெத்தியோ வாசித்த கூடம்

சுருட்டு வரலாற்றிலிருந்து நமக்கு ஒரு முன்னோடி வேண்டுமென்றால், அட்டைப்பட அழகிகளைத் தாண்டிப் போக வேண்டும். 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மேடையில் அமர்ந்து நாளிதழும் நாவலும் அரசியல் நூலும் உரக்க வாசிப்பார். அவருக்குச் சம்பளம் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். எதை வாசிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். பிடித்திருந்தால் பிறைக் கத்தியைப் பலகையில் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். எழுத்தறியாதவர்கள்கூட உலக இலக்கியம் கேட்ட கூடங்கள் அவை. முதலாளிகள் அதற்கு அஞ்சினார்கள். 1931இல் ஃபுளோரிடாவின் தம்பா நகரத்தில் வாசிப்பவர்களை வெளியேற்றியே விட்டார்கள்.

அந்த மேடையில் அமர்ந்த பெண் லூயிசா கபெத்தியோ. 1879இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அரெசிபோ நகரத்துப் புகையிலைத் தொழிற்சாலைகளில் வாசிப்பவராக வேலை செய்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். பெண்களின் உரிமைகளும் கடமைகளும் பற்றிய நூலை 1911இல் வெளியிட்டார். 1915இல் ஹவானாவில் கால்சட்டை அணிந்து தெருவில் நடந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். ஆணின் உடையைப் போட்டதற்காக அவரைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். சுருட்டுச் சுற்றுபவர்களுக்கு அவர் வாசித்ததையும் எழுதியதையும் நாம் அதைவிட அதிகம் நினைவில் வைக்க வேண்டும். புகையிலையோடு ஒரு பெண்ணுக்கு என்ன உறவு இருக்க முடியும் என்ற கேள்விக்கு, ருசிப்பவள், விற்கப்படுபவள் என்ற இரண்டு பதில்களுக்கு வெளியே அவர் மூன்றாவது பதில் சொன்னார்: ஒழுங்குசேர்ப்பவள்.

நம் பக்கத்துக் கணக்கு

இது தூரதேசத்துக் கதை என்று மூடிவைக்க முடியாது. 1887இல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். சாம்பலை அறிந்தவர் உலகப்புகழ் பெற்றார். அந்தச் சுருட்டை உருட்டிய உறையூர், திண்டுக்கல் கைகளுக்கு எந்த நாவலிலும் பெயர் இல்லை. நம் சட்டம் ஒன்றிலும் இந்த இரண்டு பொருட்களும் ஒரே மூச்சில் வந்தன: பீடி, சுருட்டுத் தொழிலாளர் பணிநிலைமைச் சட்டம், 1966. பெண்கள் அதிகம் வேலை செய்யும் பட்டறையில் குழந்தைகளுக்கு அறை வேண்டும், வேலைநேரத்துக்கு வரம்பு வேண்டும் என்றது அது. முதலாளிகள் பட்டறையிலிருந்து வேலையை எடுத்து வீட்டுக்குள் தள்ளினார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் இலையும் தூளும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கட்டிய பீடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே தரம்பார்த்துக் கழித்துவிடுகிறார்கள். கழித்ததற்குக் கூலி இல்லை. மடி, இலை, தரம், கழிவு. எஸ்தெலியிலும் ஆலங்குளத்திலும் சொற்கள் வேறு, கணக்கு ஒன்று.

அதனால் எனக்குச் சுருட்டின் மீது தடை கேட்கும் ஆர்வம் இல்லை. தடை வந்தால் முதலில் வேலை இழப்பவள் யார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பவை வேறு. தரம்பிரிப்பது திறன்வேலை என்று ஒப்புக்கொண்டு அதற்குரிய சம்பளம் கொடுங்கள். அமோனியா அறையில் காற்றோட்டமும் முகக்கவசமும் கொடுங்கள். கர்ப்பிணிகளை ஈர இலையிலிருந்து விலக்கி, சம்பளத்தை நிறுத்தாமல் வேறு வேலை கொடுங்கள். புகையிலையை விட்டு வெளியேற விரும்புபவளுக்கு வேறு தொழில் கற்கும் காலத்துக்கு உதவித்தொகை கொடுங்கள். விமர்சனம் எழுதுபவர் இலை எந்த ஊரில் விளைந்தது என்று எழுதுவதோடு, அதைப் பிரித்தவளுக்கும் சுற்றியவளுக்கும் ஆயிரத்துக்கு என்ன கூலி என்றும் எழுதட்டும்.

அப்படி எழுதிய விமர்சனத்தைச் சுற்றும் கூடத்தின் மேடையில் ஏறி உரக்க வாசிக்கட்டும். நூற்றுக்கு 94 தகுமா என்று அந்தப் பெண்கள் முடிவு செய்வார்கள். அவர்கள் கையில் பிறைக் கத்தி இருக்கிறது.